மலை சரிந்ததா, படம் சரிந்ததா?



இந்தப் பக்கத்தில் மாதந்தோறும் ஒரு கருவியையோ கைவேலையையோ எடுத்து, அது எப்படி இயங்குகின்றது, எமது வாழ்வுக்கு எவ்விதம் உதவும் என்று பார்த்து வருகின்றோம். இம்மாதம் ஒரு கமராவைப் பற்றிப் பேசுவோம். "கமராவுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அடையாள அட்டைக்குப் படம் எடுத்ததோடு சரி" என்று சிலர் நினைக்கக்கூடும். பொறுத்திருந்து வாசியுங்கள். பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் கொஸ்லந்தையிலும் மலைச்சரிவில் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது பொழுதுபோக்கு விடயமாக மட்டும் இருக்க முடியாது.

இக்கமராவைத் தொழில்நுட்பக் கமரா என்பார்கள். நிலக்காட்சி, கட்டடம், பாலம் போன்றவற்றைப் படமெடுப்பவர்கள் இதனை நீண்டகாலமாகப் பாவித்து வருகின்றனர். மரத்தாலோ உலோகத்தாலோ ஆன இரண்டு சட்டங்கள், அவற்றுக்கு இடையில் ஆர்மோனியத்தின் துருத்தி போன்ற ஒரு துருத்தி. முன்சட்டத்தில் வில்லை இருக்கும். பின்சட்டத்தில் மங்கலான கண்ணாடி இருக்கும். படமெடுப்பவர் தலைக்கு மேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அக்கண்ணாடியைப் பார்த்தால், எதிரே உள்ள காட்சி தலைகீழாகத் தெரியும். எல்லாம் சரி என்று கண்ட பிறகு, கண்ணாடிக்கு முன்னால் பிலிம் உள்ள தட்டைச் செருகிப் படமெடுப்பார்கள்.

எங்கள் கையிலுள்ள சாதாரணக் கமராவில் வில்லையும் பிலிமும் அசையாமல் ஒன்றுக்கொன்று நேராகப் பொருத்தப்பட்டிருக்கும். தொழில்நுட்பக் கமராவில் முன்சட்டத்தையும் பின்சட்டத்தையும் தனித்தனியே உயர்த்தலாம், தாழ்த்தலாம், பக்கமாக நகர்த்தலாம், சாய்க்கலாம். இதன் சிறப்பு முழுவதும் இந்த அசைவில்தான் இருக்கின்றது.

நிமிர்ந்து நிற்பவை ஏன் சாய்ந்து விழுகின்றன?

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1921ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இப்பாலம் உருக்குச் சட்டங்கள் இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பப்பட்டது. இதன் கீழே பள்ளத்தில் நின்று கமராவை மேலே சாய்த்துப் படமெடுத்துப் பாருங்கள். நூறு வருடமாக நேராக நிற்கும் தூண்கள், படத்தில் மேலே போகப்போக உட்பக்கமாகச் சாய்ந்து, பாலமே பின்னுக்கு விழுவது போலத் தெரியும். தேயிலைத் தொழிற்சாலையையும் கோயில் கோபுரத்தையும் எடுத்தாலும் இப்படித்தான்.

காரணம் எளிது. சுவரும் பிலிமும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால், சுவரிலுள்ள செங்குத்துக் கோடுகள் படத்திலும் சமாந்தரமாகவே விழும். கமராவை மேலே சாய்த்தவுடன் பிலிமும் சாய்ந்துவிடுகின்றது. சுவரின் மேற்பகுதி கமராவுக்குத் தூரமாகி, சிறுத்துத் தெரிகின்றது. கோடுகள் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்து போகின்றன.

தொழில்நுட்பக் கமராவில் கமராவைச் சாய்க்கத் தேவையில்லை. அதனை நேராக நிறுத்திவைத்து, வில்லையுள்ள முன்சட்டத்தை மட்டும் மேலே உயர்த்துவார்கள். பிலிம் நிமிர்ந்தபடியே நிற்கும். வில்லை மட்டும் மேலே உள்ள காட்சியைப் பிடித்துக் கீழே தரும். பாலத்தின் உச்சியும் படத்துக்குள் வரும், தூண்களும் நேராக நிற்கும்.

சிறிய கமராக்களுக்கும் இந்த வசதி பின்னர் வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் நிக்கோன் நிறுவனம் மேலும் கீழும் நகரும் 35 மில்லிமீற்றர் வில்லை ஒன்றை வெளியிட்டது. 1973இல் கனோன் நிறுவனம் நகரவும் சாயவும் கூடிய வில்லையைக் கொண்டுவந்தது.

முன்னால் தேயிலை, பின்னால் நமுனுகுலை

இரண்டாவது வசதி வில்லையைச் சாய்ப்பது. ஒரு தேயிலை மலையில் நிற்கின்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். காலடியில் தேயிலைச் செடிகள், தொலைவில் 2000 மீற்றருக்கும் மேல் உயர்ந்த நமுனுகுலை மலை. சாதாரணக் கமராவில் கொழுந்தைத் தெளிவாக எடுத்தால் மலை மங்கும். மலையைத் தெளிவாக எடுத்தால் கொழுந்து மங்கும்.

தொழில்நுட்பக் கமராவில் வில்லையைச் சில பாகை முன்பக்கம் சாய்த்தால், தெளிவு விழும் தளம் ஒரு பாய் விரித்தது போல நிலத்தோடு படுத்துக்கொள்ளும். காலடி தொடக்கம் தொடுவானம் வரை ஒரே தெளிவு. 150 மில்லிமீற்றர் வில்லையைத் தரையிலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் வைத்தால், ஏறத்தாழ 6 பாகைச் சாய்வு போதும். ஆனால் இதற்கும் எல்லை உண்டு. தெளிவு நிலத்தோடு படுத்துவிடுவதால், அருகில் நிற்கும் உயரமான சவுக்கு மரத்தின் நுனி மங்கிப்போகும். அப்போது துவாரத்தைச் சிறிதாக்கி ஈடுசெய்வார்கள்.

இந்த விதியைத் தியோடோர் ஷைம்ஃபிளூக் என்ற ஒஸ்திரிய இராணுவ அதிகாரியின் பெயரால் அழைக்கின்றனர். ஆகாயத்திலிருந்து எடுக்கப்பட்ட சாய்ந்த படங்களை நேராக்கி வரைபடம் செய்வதற்காக அவர் இதில் ஈடுபட்டு, 1904இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முன்பே, 1901இல், பிரான்சின் ஜூல் கார்ப்பந்தியே இதே கருத்தைப் பதிவுசெய்திருந்தார். இராணுவ வரைபடத்துக்காக வளர்ந்த அறிவு பின்பு மலையையும் வயலையும் படமெடுப்பவர்களுக்குப் பயன்பட்டது.

யார் சுமந்தார்கள்?

பழைய காலத்துக் கமராவின் பெரிய பிரச்சினை பாரம். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெண்மணியை உலகம் முழுவதும் அறியும். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசாகக் கொடுத்த பின்னரே படமெடுக்கத் தொடங்கினார். பின்னர் அவர் பாவித்த கண்ணாடித் தட்டு 15 அங்குலம் நீளமும் 12 அங்குலம் அகலமும் கொண்டது. தட்டில் இரசாயனத்தைப் பூசி, அது காய்வதற்குள் படமெடுத்து, காய்வதற்குள் கழுவியும் முடிக்க வேண்டும். வெளியிடங்களுக்குப் போகும் படப்பிடிப்பாளர்கள் இருட்டறைக்காகக் கூடாரம், இரசாயனப் போத்தல்கள், தண்ணீர் எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோனார்கள். சுமப்பதற்குக் கூலியாட்கள் இருந்தார்கள்.

கமரன் குடும்பத்துக்கு இலங்கையில் கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் அவர் இங்கு வந்தார். 1879இல் டிக்கோயாப் பகுதியில் காலமானார். பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலய முற்றத்தில் அவருடைய கல்லறை இருக்கின்றது. இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் எஞ்சியிருப்பவை மிகச் சில. அவற்றில் சாதாரண உழைப்பாளர்களின் முகங்கள் உண்டு, பெயர்கள் இல்லை. களுத்துறையில் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு 'களுத்துறைக் குடியானவர்கள்' என்பதோடு நின்றுவிடுகின்றது.

கமரா பாரமாக இருந்தவரை, ஆள் அம்பு உள்ளவர்களே மலையைப் படமெடுத்தார்கள். எங்கே நிற்பது, எதை உள்ளே சேர்ப்பது, எதை வெளியே விடுவது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள். பழைய தோட்டப் படங்கள் பலவற்றில் தேயிலை வரிசை அழகாக இருக்கும், தொழிற்சாலை பெரிதாக இருக்கும். லயமோ தூரத்தில் ஒரு கோடாக மட்டும் தெரியும்.

பாரம் குறைந்தது மெல்ல மெல்லத்தான். ஜேர்மனியின் லின்ஹோஃப் நிறுவனம் மடித்துப் பெட்டியாக்கக்கூடிய டெக்னிக்கா என்ற உலோகக் கமராவை 1930களில் கொண்டுவந்தது. அந்த வரிசையில் பின்னர் வந்தவை இரண்டரைக் கிலோவுக்கும் மேல் நிறையுள்ளவை. இந்தியாவின் முதலாவது பெண் பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹோமாய் வியாரவாலா (1913–2012), ஸ்பீட் கிராஃபிக் என்ற துருத்திக் கமராவைச் சேலையுடுத்தியபடியே சுமந்து டில்லியெங்கும் படமெடுத்தவர். பிரித்தானியாவில் 2014இல் தொடங்கப்பட்ட இன்ட்ரெப்பிட் என்ற சிறு நிறுவனம் ஒட்டுப்பலகையால் செய்யும் கமரா ஏறத்தாழ 1.2 கிலோ மட்டுமே. அதில் பாவிப்பது 4 அங்குலம் அகலமும் 5 அங்குலம் நீளமும் கொண்ட பிலிம் தாள்.

வில்லையிலும் பாரத்தைக் குறைக்கலாம். வில்லையின் வாய் அகன்றிருந்தால் வெளிச்சம் கூட வரும், கண்ணாடியும் கூடும், பாரமும் கூடும். மலை ஓடிப்போவதில்லை. முக்காலியில் கமராவை நிறுத்தி, துவாரத்தைச் சிறிதாக்கி, ஆறுதலாகப் படமெடுக்கலாம். ஆதலால் நிலக்காட்சி எடுப்பவர்கள் வாய் சிறுத்த வில்லைகளை விரும்புகின்றார்கள். நிக்கோனின் 300 மில்லிமீற்றர் வில்லை ஒன்று ஏறக்குறைய 290 கிராம்தான், ஒரு இறாத்தல் பாணை விடக் குறைவு. வாங்கும்போது பார்க்க வேண்டியது வேறொன்று. வில்லை விழுத்தும் வெளிச்ச வட்டம் பிலிமை விடப் பெரிதாக இருக்க வேண்டும். 4க்கு 5 அங்குலப் பிலிமின் மூலைக்கு மூலை நீளமே 15 சென்டிமீற்றருக்கு மேல். வட்டம் அதை மட்டும் மூடினால், முன்சட்டத்தை உயர்த்தியவுடன் படத்தின் மூலைகள் இருண்டுவிடும்.

கமரா, வில்லை, பிலிம் தட்டுகள், பாரமற்ற முக்காலி எல்லாம் சேர்த்து நாலைந்து கிலோவுக்குள் அடக்கலாம். ஒரு பேருக்காக 18 கிலோவும் அதற்கு மேலும் கொழுந்து சுமந்து மலையேறி இறங்கும் எமது பெண்களுக்கு இது ஒரு சுமையா?

ஏன் நேராக இருக்க வேண்டும்?

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை உட்பட மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மீண்டும் மண்சரிவுகள் ஏற்பட்டன.

மலை சரிவதற்கு முன் பல இடங்களில் அறிகுறி காட்டும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரங்களும் மின்கம்பங்களும் வேலிக் கட்டைகளும் சாய்தல், கதவு இறுகுதல், புதிதாக ஊற்றுக் கிளம்புதல், தெளிந்த ஊற்று கலங்குதல் ஆகியவை முக்கியமானவை. இவை சில நேரம் மாதக்கணக்கில் மெதுவாக நடக்கும். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. "போன வருசம் இந்த மரம் நேராகத்தானே நின்றது" என்று சொல்வோம், ஆனால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது.

ஒரே இடத்தில் நின்று, ஒரே காட்சியை, காலம் விட்டுக் காலம் எடுத்து ஒப்பிடும் முறை உலகில் பழையது. ஜேர்மனியக் கணிதவியலாளர் செபஸ்தியான் ஃபின்ஸ்டர்வால்டர் 1880களின் இறுதியில் அல்ப்ஸ் மலையின் பனியாறுகளை இப்படிப் பதிவுசெய்யத் தொடங்கினார். 1970களின் இறுதியில் மார்க் கிளெட் என்பவரும் தோழர்களும், அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் நூறு வருடத்துக்கு முன் எடுக்கப்பட்ட படங்களின் அதே இடங்களைத் தேடிப்போய், அதே நிலையில் நின்று மீண்டும் படமெடுத்தார்கள். அவர்கள் இதற்குப் பாவித்தது துருத்திக் கமராவே.

இப்போது பாலத்தூண்களை நினைத்துப் பாருங்கள். கமராவைச் சாய்த்து எடுத்த படத்தில் நேரான தூணும் சாயும். அப்படிப்பட்ட படத்தில் ஒரு மின்கம்பம் சாய்ந்து தெரிந்தால், சாய்ந்தது மலையா படமா என்று எவராலும் சொல்ல முடியாது. நேராக நிறுத்தி எடுத்த படத்திலோ, சாய்ந்து தெரிவது உண்மையிலேயே சாய்ந்திருக்கின்றது. அழகுக்காகக் கண்டுபிடித்த ஒழுங்கு எங்களுக்குச் சாட்சியாக மாறும் இடம் இது.

கையிலுள்ள போனில் செய்வது எப்படி?

தொழில்நுட்பக் கமராவின் விலை எம்மில் பெரும்பாலானோருக்கு எட்டாது. பிலிமையும் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும். ஆனால் அதன் ஒழுங்கைக் கைத்தொலைபேசியிலும் கடைப்பிடிக்கலாம்.

1. நிற்கும் இடத்தை நிலையானதாகத் தெரிவுசெய்யுங்கள். மதகு, கோயில் படி, பெரிய பாறை நல்லவை. சரிவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து முழு மலையும் தெரியுமானால் மிக நல்லது. கால் வைத்த இடத்தில் வர்ணப்பூச்சால் அடையாளமிடுங்கள்.

2. போனை நெட்டாகப் பிடியுங்கள். மேலேயோ கீழேயோ சாய்க்க வேண்டாம். கமரா அமைப்பில் கட்டக்கோடுகளைத் தெரியச்செய்து, வீட்டின் சுவரோ தூணோ அக்கோட்டுக்குச் சமாந்தரமாக வருகின்றதா என்று பாருங்கள். உச்சி வெட்டுப்பட்டால் போனைச் சாய்க்காமல் பின்னுக்குப் போங்கள். கீழே தேவையற்ற நிலம் கூட வந்தால் பிறகு வெட்டிவிடலாம். முன்சட்டத்தை உயர்த்துவதால் கிடைக்கும் பலன் இதிலும் கிடைக்கும். படம் மட்டும் சற்றுச் சிறிதாகும்.

3. ஒரு நூலில் கல்லைக் கட்டி, கூரை விளிம்பிலோ கொப்பிலோ படத்துக்குள் தெரியும்படி தொங்கவிடுங்கள். மேசன்மார் பாவிக்கும் தூக்குக்குண்டு போன்றது இது. எந்தப் படத்திலும் நேர் எது என்று அந்த நூல் சொல்லும்.

4. சூம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு முறையும் அதே போன் கமரா, அதே நேரம். முதற்படத்தின் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பாறையும் மரமும் கூரையும் அதே இடத்தில் விழுகின்றனவா என்று ஒப்பிட்டு எடுங்கள்.

5. வெடிப்பை எடுக்கும்போது பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வையுங்கள். வெடிப்பின் இரு கரையிலும் வர்ணப் புள்ளியிட்டு, இடைவெளியை அளந்து எழுதுங்கள்.

6. திகதி, நேரம், நின்ற இடம், எந்தத் திசை, அன்று மழையா வெயிலா என்பவற்றைக் கொப்பியில் எழுதுங்கள். எடுத்தவர் பெயரையும் எழுத மறக்க வேண்டாம். மழைக்காலம் தொடங்க முன் ஒரு முறை, முடிந்த பின் ஒரு முறை எடுத்தாலே நல்ல பதிவு சேரும். படங்களின் பிரதி வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவரிடமும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த ஒரு விளையாட்டு உண்டு. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை எடுத்து, ஒன்றின் முனையில் வட்டமாக வெட்டி உருப்பெருக்கிக் கண்ணாடியை ஒட்டுங்கள். மற்றதன் முனையில் எண்ணெய் தடவிய தாளை ஒட்டுங்கள். வெளிச்சமான மலைப்பக்கம் திருப்பி, துணியால் தலையை மூடிக்கொண்டு, பெட்டியை முன்பின் நகர்த்தினால் தாளில் மலை தலைகீழாகத் தெரியும். கண்ணாடியைச் சற்றுச் சாய்த்தால் தெளிவு எப்படி இடம் மாறுகின்றது என்றும் பார்க்கலாம். கண்ணாடியைச் சூரியனுக்கு நேரே பிடிக்கவே வேண்டாம். கண்ணும் கெடும், தாளும் எரியும்.

கவனிக்க வேண்டியவை

மழை பெய்யும்போது வெடிப்புக்கு அருகே படமெடுக்கப் போக வேண்டாம். சிவப்பு எச்சரிக்கை வந்தால் வெளியேற வேண்டும் என்பது பொருள். அந்நேரம் படமும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், பிள்ளைகளையும் முதியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்துக்கு அறிவிக்கலாம். சேர்த்த படங்களைக் கிராம உத்தியோகத்தருக்கும் மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவுக்கும் காட்டி, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனையைக் கோரலாம். தனியாகப் போவதிலும் மாதர் சங்கமாகப் போவது நல்லது. படம் பரிசோதனைக்கு ஈடாகாது. பரிசோதனையைக் கேட்பதற்கு ஓர் ஆதாரம் அது.

பிறர் வீட்டையும் பிறர் பிள்ளைகளையும் எடுக்குமுன் கேளுங்கள். எம்மில் பலர் கேட்காமல் படமெடுக்கப்பட்டவர்கள். முகாமிலும் வரிசையிலும் அழுதுகொண்டிருந்த வேளையிலும் எடுத்தார்கள். அந்த உணர்வு எமக்குத் தெரியும்.

இறுதியாக ஒன்று. 1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் உண்டு. அவர்களில் பலர் 2009 வரை மீண்டும் மீண்டும் இடம்பெயர்ந்து, கல்யாணப் படம் முதல் பிள்ளையின் முதற் படம் வரை எல்லாவற்றையும் வழியில் விட்டுவிட்டு வந்தவர்கள். மீரியபெத்தையிலும் வீட்டோடு படங்களும் மண்ணுக்குள் போயின. போன படங்களைத் திருப்பி எடுக்க முடியாது. ஆனால் வீடு நின்ற இடமும், கிணறு இருந்த இடமும், நிழல் தந்த மரமும் எங்கே என்று சொல்லக்கூடிய அம்மாமார் இன்னும் எம்மிடையே இருக்கின்றார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், அவர்கள் காட்டும் இடத்தில் நின்று, நேராக ஒரு படம் எடுங்கள். இடத்தின் பெயரையும் அவர்கள் பெயரையும், அவர்கள் சம்மதத்தோடு, அதன் பின்னால் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் அதே இடத்தில் நின்று இரண்டாவது படத்தை எடுங்கள்.